கடையில் வழுக்கி விழுந்தீர்களா? அந்த வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்

பண்டிகை நேரம், கூட்டம் நெரியும் ஜவுளிக்கடை. மாடிப்படி முடியும் இடத்தில் மாப் போட்ட ஈரம் காயவில்லை. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை கழிப்பறைக் கதவோரம் சாத்தி வைத்தபடியே இருக்கிறது. புடவைப் பையோடு இறங்கி வந்த முப்பது வயதுப் பெண் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுகிறார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். உடனே நாற்காலி வருகிறது, ஜூஸ் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கடையின் கார் வருகிறது, துணைக்கு ஒரு சூப்பர்வைசரும் ஏறிக்கொள்கிறார். இவ்வளவு நல்லவர்களா என்று தோன்றும். வழக்கு கெட்டுப்போவது இந்த உபசாரத்தில்தான்.

காஷுவாலிட்டியில் டாக்டர், "எப்படிம்மா விழுந்தீங்க?" என்கிறார். வலியில் இருப்பவர் வாய் திறக்குமுன், "கால் தவறி விழுந்துட்டாங்க சார்" என்று சூப்பர்வைசர் முடித்துவிடுகிறார். பதிவேட்டில் ஏறுவது அந்த வார்த்தைதான். எந்தக் கடை, எந்த இடம், தரை ஈரமா, எதுவும் இல்லை. பின்னாளில் கடையின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்த ஒற்றை வரியை.

இதைவிட மோசம், போலீஸ் வம்பு வேண்டாம் என்றோ மெடிக்ளெய்ம் நின்றுவிடும் என்றோ பயந்து, "வீட்டில் விழுந்துட்டாங்க" என்று உறவினர்களே சொல்வது. கடையில் விழுந்தாலும் வீட்டில் விழுந்தாலும் இன்சூரன்ஸுக்கு அது விபத்துச் சிகிச்சைதான். அதிகம் போனால் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்பார்கள். தேதி, நேரம், கடையின் பெயர், தெரு, 'ஈரத்தரையில் வழுக்கி' என்ற சொற்கள் எல்லாம் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே விவரம் இருக்க வேண்டும். ஒன்றில் கடை, இன்னொன்றில் வீடு என்று இருந்தால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்புகிறார்கள். மறுநாள் மேனேஜர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்து பத்தாயிரம் ரூபாய் கொடுக்கிறார். "கணக்குக்காகத்தான் சிஸ்டர், ஆடிட்டர் கேட்பாரு" என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் ஒன்றை நீட்டுகிறார். தொகைக்குக் கீழே பொடி எழுத்தில், 'முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று இருக்கிறது. அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

வலி குறையவில்லை. இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்கேஃபாய்டு முறிவு தெரிகிறது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் சிறிய எலும்பு அது. கையை ஊன்றி விழுந்தால் முறிவது பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான், அதில் இந்த எலும்பின் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. அதனால்தான் சந்தேகம் இருந்தால் மாவுக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்தே போவதால், தாமதமானால் சேராமல் போகலாம். அப்போது ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன், பல மாதம் கத்தரிக்கோல் பிடிக்க முடியாத கை. பத்தாயிரம் ஒரு மூலைக்குக் காணாது.

கடை பணம் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று வீறாப்புக் காட்டச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில்லை நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 'மருத்துவச் செலவுக்கான முன்பணம் மட்டும், மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் 'இருதரப்பும் சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதி வாங்குவதும் இதே வவுச்சர்தான், காகிதம்தான் வேறு. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவில் குற்றம். ஆனால் நஷ்ட ஈடு கேட்க அந்தக் கிரிமினல் வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது சிசிடிவி. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். பல கடைகளில் 15 முதல் 30 நாள்தான் தாங்கும். இரண்டு மூன்று நாளுக்குள் ஸ்பீட் போஸ்டிலும் ஈமெயிலிலும் ஒரு கடிதம் போக வேண்டும்: எந்த மாடி, எந்தப் படி, விழுந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கவும் என்று. முன்பிருந்து எதற்கு? ஈரம் எவ்வளவு நேரம் கிடந்தது, எத்தனை ஊழியர்கள் பார்த்தும் தாண்டிப் போனார்கள் என்பது அதில்தான் தெரியும். கடைக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கின் உயிர். விழுந்ததை மட்டும் நிரூபித்தால் போதாது. கடிதம் கிடைத்த பிறகும் பதிவு 'ரிப்பேர்' ஆகிவிட்டால், அதைக் கடைக்கு எதிராகவே கோர்ட் எடுத்துக்கொள்ள முடியும். கடிதமே போகாவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் கவரில் போட்டு வையுங்கள். அடி தேய்ந்த செருப்பு என்று சொல்லாத கடை வக்கீல் அபூர்வம். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரின் போன் நம்பரை வாங்குங்கள். ஊழியர் எவ்வளவு நல்லவரானாலும் சம்பளம் கொடுப்பவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரமாட்டார்.

இரண்டாவது ஏமாற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறது. "ஜெயிச்சா முப்பது பர்சென்ட் போதும், இப்ப பைசா வேணாம்" என்று ஒரு ஏஜென்ட் வருவார். வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தில், எதுவும் நிரப்பாமலே கையெழுத்து, ஒரிஜினல் பில்கள், எக்ஸ்ரே எல்லாம் அவர் பைக்குள் போய்விடும். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதை வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. இதற்கும் மேலே ஒரு படி போய், "டூ வீலர் இடிச்சதா மாத்திடலாம்" என்பார்கள். சாலை விபத்துக்குத் தனி தீர்ப்பாயம் இருக்கிறது, பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. கடையில் விழுந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை என்பதால்தான் இந்த யோசனை. ஒத்துக்கொண்டால் பொய் வழக்குப் போட்ட குற்றவாளி நீங்கள்தான்.

நேர்வழி இரண்டு. பொருள் வாங்கிய பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டு. எங்கே போடுவது என்பதும் கட்டணமும் நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தவை, கேட்கும் நஷ்ட ஈட்டைப் பொறுத்தவை அல்ல. 3,000 ரூபாய் புடவை வாங்கியவர் 8 லட்சம் கேட்டாலும் கட்டணம் கிடையாது, ஏனென்றால் விலை 5 லட்சம் வரை இலவசம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் நிறைய சாட்சிகளை விசாரிக்க வேண்டிய வழக்கு என்று தோன்றினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வதும் உண்டு.

எதுவும் வாங்காமல் சுற்றிப் பார்க்கப் போனவரை, நுகர்வோரே இல்லை என்று கடை வாதிடும். அவருக்கு சிவில் கோர்ட்தான். கெடு 3 ஆண்டு. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், கட்டடத்தை முறையாகப் பராமரிக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு என்று 1966-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விழுந்த இடம் அரசுக் கட்டடம் என்றால், வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் தர வேண்டும்.

யூடியூபில் அமெரிக்கக் கோடிகளைப் பார்த்துவிட்டு வராதீர்கள். இங்கே கிடைப்பது காகிதத்தில் காட்ட முடிந்ததற்குத்தான். தையல்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆர்டர் நோட்டு, ஜிபே வரவு, இரண்டு மூன்று வாடிக்கையாளரின் எழுத்துவாக்கு, பெயர் போட்ட மருந்துக்கடை பில், பிசியோதெரபி ரசீது, ஆட்டோவுக்கு ஜிபேயில் கொடுத்த கணக்கு, எல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். வவுச்சரில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் போங்கள். ஆடிட்டர் கணக்குக்கு என்று சொல்லி வாங்கிய கையெழுத்தைத் தவறான தகவல் தந்து பெற்ற சம்மதம் என்று எதிர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, சுலபமில்லை. முறிவு தெரிந்த அதே வாரத்தில், வாங்கிய தொகையை ஒப்புக்கொண்டு, அது முன்பணம் மட்டுமே என்று கடைக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.