எல் நிடோ ‘டூர் சி’: மறைவான கடற்கரைகள்தான் வேண்டும் என்பவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் பலவான் தீவில், எல் நிடோ ஊரில் எந்தக் கடையில் போய் நின்றாலும் ஒரு நாள் படகுப் பயணத்துக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு பெயர்களைத்தான் சொல்வார்கள். ஏ என்றால் லகூன்கள், அதாவது பாறைகள் சூழ்ந்த கடல்நீர்க் குளங்கள். பி என்றால் குகைகளும் பாம்பு மாதிரி வளைந்து போகும் மணல்திட்டும். டி என்றால் கட்லாவ் தீவைச் சுற்றியுள்ள கரைகள். சி என்றால் மாட்டின்லோக், தாபியுதான் தீவுகளின் பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கடற்கரைகள். முதல் முறை வருகிறவர்களை எல்லாரும் ஏ-க்கு அனுப்பிவிடுகிறார்கள். பிக் லகூன் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே கயாக் எனும் சிறு துடுப்புப் படகுக்கு வாடகை தனி, ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பும் உண்டு, ஆகவே காத்திருக்க வேண்டிவரும். மணலும் தெளிந்த நீரும் யாருமில்லாத மூலையும்தான் வேண்டும் என்றால் சி-யை எடுங்கள். நல்ல நாளில் நான்கிலும் சிறந்தது இதுதான். கடல் கொந்தளிக்கும் நாளில் நான்கிலும் வீணானதும் இதுதான்.

காரணம், தீவுகள் இருக்கும் இடம். மாட்டின்லோக்கும் தாபியுதானும் பாக்விட் விரிகுடாவின் மேற்கு ஓரத்தில் இருக்கின்றன; அதற்கப்பால் வெளிக்கடல். ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று, உள்ளூர்ப் பேச்சில் ‘ஹபகாத்’, நேராக வந்து மோதுவது இந்தப் பக்கத்தில்தான். அந்த மாதங்களில் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவைப்பது சகஜம். நிறுத்தாத நாளிலும் அலை இருந்தால் சி-யின் பாதி இடங்களுக்குள் நுழைய முடியாது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும்போது தீவின் மேற்குப் பக்கம் ஓரளவு மறைவாக இருக்கும். விரிகுடாவைக் கடக்கும் நேரத்தில்தான் தொப்பலாக நனைவீர்கள். மார்ச் முதல் மே நடுப்பகுதி வரைதான் கடல் அதிகம் அடங்கியிருக்கும். ஆகவே முன்பதிவு செய்யும்போது சி-யைத் தங்கும் நாட்களின் தொடக்கத்திலேயே வையுங்கள். அன்று ரத்தானால் மறுநாள் போகலாம். கடைசி நாளில் வைத்தால் போனது போனதுதான்.

கூட்டுப் பயணத்தில் இடம் வாங்கும்போது பலருக்குத் தெரியாத ஒன்று: தெருவில் பத்துக் கடைகள் விற்றாலும், அந்த இருக்கைகள் பெரும்பாலும் சில படகுகளில்தான் வந்து சேரும். கடையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயன் குறைவு. படகில் மொத்தம் எத்தனை பேர், சி-யின் முக்கிய இடமான சீக்ரெட் பீச் நிச்சயமாக உண்டா, அங்கே நுழைய முடியாவிட்டால் பதிலுக்கு எங்கே, நீருக்கடியில் பார்க்கும் முகமூடியும் மூச்சுக் குழாயான ஸ்னார்க்கலும் கட்டணத்தில் சேர்த்தியா, சூழல் கட்டணம் தனியா என்று ஐந்தையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் சூழல் கட்டணத்தைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்குகிறார்கள். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள், செல்லுபடியாகும் நாட்களுக்குள் அடுத்த பயணத்துக்கும் அதுவே போதும். நான்கைந்து பேராக வந்தால் தனிப் படகுக்கு விலை கேட்டுப் பாருங்கள். சொகுசுக்காகச் சொல்லவில்லை. கூட்டுப் படகுகள் ஒன்பது, ஒன்பதரைக்கு ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகப் போய் நிற்கும். தனிப் படகு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாலே முதல் இரண்டு இடங்கள் உங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

படகின் பெயர் பங்கா. ஒட்டுப்பலகை உடல், இரு பக்கமும் நீரில் பதிந்து நிற்கும் மூங்கில் கைகள், நடுவே டீசல் இன்ஜின். மூங்கில் கைகள் இருப்பதால் கவிழும் பயம் குறைவு, ஆனால் இன்ஜின் சத்தம் காதைப் பிளக்கும், புகையும் பின்பக்கம்தான் வரும். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் நடுவுக்குச் சற்று முன்னால் உட்காருங்கள். மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டு அதிகம் பயனில்லை. ஊர்க் கரையில் படகு ஏற மேடை கிடையாது. வற்றம் இருக்கும்போது இடுப்பளவு நீரில் நடந்து போய் ஏணி ஏற வேண்டும். ஆகவே நீர் புகாத உலர்பை இல்லாமல் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பத்து லிட்டர் பை ஒருவருக்குப் போதும்.

இனி சீக்ரெட் பீச். சி-யின் மதிப்பு பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த சுண்ணாம்புப் பாறைச் சுவர் மட்டும் தெரியும். படகு தள்ளி நிற்கும். நீந்திப் போனால் பாறையின் அடியில் ஒரு துவாரம், ஒரு நேரத்தில் ஒருவர் நுழையும் அளவு. உள்ளே நுழைந்ததும் நாலாபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆழமில்லாத பச்சை நீர், ஒரு துண்டு வெண்மணல். ஆபத்து உள்ளே இல்லை, அந்தத் துவாரத்தில்தான். அலை உயரும்போது துவாரத்தில் தண்ணீர் மேலேறி ஆளைத் தூக்கும். பாறையோ கத்தி முனை போல இருக்கும். தலையும் முழங்கையும் கிழிவது அங்கேதான். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள், துவாரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நின்று அலைகளைக் கவனியுங்கள், பெரிய அலைகள் போன பின் வரும் அமைதியில் வழிகாட்டி கை காட்டியதும் நிற்காமல் உள்ளே போங்கள், பாறையைப் பிடிக்காதீர்கள். கைகள் நீந்துவதற்கு வேண்டும், போன் பையில் இருக்கட்டும். துவாரத்தில் வெள்ளை நுரை பொங்கிக்கொண்டே இருந்தால் வழிகாட்டி சம்மதித்தாலும் இறங்க வேண்டாம். நீச்சல் தெரியாதவர்களை வளையத்தில் வைத்து இழுத்துப் போகிறார்கள். கடல் கண்ணாடி போல இருக்கும் நாளில் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

ஹிட்டன் பீச் இதைவிட எளிது. பாறை ஒரு திரை மாதிரி முன்னால் நிற்க, பக்கவாட்டில் சுற்றிப் போனால் உள்ளே கரை. சிரமம் எல்லாம் காலுக்குத்தான்: ஆழமில்லாத இடத்தில் உடைந்த பவளமும் கல்லும், இடையிடையே நீண்ட கறுப்பு முட்களுடன் கடல் முள்ளெலிகளும். சாதாரணச் செருப்பு நீரில் கழன்றுபோகும். அடி கெட்டியான நீர்க் காலணி வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் வாடகைக்கும் கிடைக்கும். ஸ்னார்க்கல் செய்யத் தாபியுதான் பக்கம் நல்லது, ஆனால் இரு தீவுகளுக்கும் இடையிலான கால்வாயில் நீரோட்டம் இழுக்கும். ஓட்டத்துக்கு எதிராக முதலில் நீந்திவிட்டு, களைத்த பின் அதோடு திரும்பி வாருங்கள். வாடகை முகமூடியைக் கரையிலேயே சோதியுங்கள்: பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் காற்றை இழுத்தால் அது தானாக ஒட்டி நிற்க வேண்டும்.

ஹெலிகாப்டர் தீவு, தூரத்திலிருந்து பார்க்கும் வடிவத்துக்குப் பெயர் பெற்றது. நீளமான நல்ல மணல், ஆனால் ஊருக்கு அருகில் என்பதால் எல்லாப் படகும் நிற்கும். முதல் நிறுத்தமாக வந்தால் மட்டும் ரசிக்கலாம்.

மதியச் சாப்பாடு படகுக்காரர்களே சுட்டுத் தருவது. சோறு, முழு மீன், பன்றி இறைச்சி, வெள்ளரி தக்காளி சாலட், தர்பூசணி, அன்னாசி. மீன் புதியது, ருசி குறை சொல்ல முடியாது. சைவம் என்றால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் சோறும் பழமும்தான் கிடைக்கும். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்கள், எல்லாம் ஒரே கம்பிவலையில் சுடப்படுவதால், தனியாகச் சுடச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் பாட்டில் தண்ணீர் கொண்டுபோக வேண்டாம், நிரப்பிக்கொள்ளும் பாட்டிலில் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுங்கள். சன்ஸ்க்ரீனை அள்ளிப் பூசி அந்த மூடிய நீரில் கரைப்பதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது பவளத்துக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது. மணலில் படுக்கும்போது துண்டு விரியுங்கள்: ‘நிக்நிக்’ என்ற மணல் ஈ கடித்தால் அப்போது தெரியாது, மறுநாள்தான் அரிக்கத் தொடங்கும், சொறிந்தால் நாட்கணக்கில் நீளும்.

காலையில் படகுகள் நிறுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மட்டும்தான் மாறுமா என்பதைக் கட்டும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள். கிளம்பிய பிறகு சீக்ரெட் பீச் மூடியிருந்தால் எதுவும் திரும்ப வராது. அதனால் முந்தைய மாலை காற்று மேற்கிலிருந்து வீசுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்படியானால் கட்லாவைச் சுற்றும் டி-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.