மார்க் தகராறுக்கு ஆர்டிஐ மனுவா, ரிட் மனுவா?

பல்கலைக்கழகத் தேர்வில் மார்க் இடிக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) ஆவணம் கேட்பதா, உயர் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்டு ரிட் மனு போடுவதா என்பதுதான் குழப்பம்.

செலவு: ஆர்டிஐக்கு 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியே அனுப்பலாம். ரிட்டில் கோர்ட் கட்டணம் பெரிதில்லை, வக்கீல் ஃபீஸ்தான் பெரிது.

காலம்: ஆர்டிஐக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ரிட்டுக்குச் சட்டத்தில் கெடு இல்லை. ஆனாலும் காரணமில்லாமல் தாமதித்தால் அதைச் சொல்லியே தள்ளுபடி ஆகும்.

எழுதும் விதம்: ஆர்டிஐ பெரும்பாலும் இங்கேதான் சொதப்பும். "எனக்கு ஏன் 38 போட்டீர்கள்?" என்பது விளக்கம் கேட்பது, தட்டிக்கழித்துவிடுவார்கள். "பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு மாதம்: இந்த விடைத்தாளின் நகல், விடைக்குறிப்பின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். மதிப்பிடப்பட்ட விடைத்தாளும் தகவலே என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. திருத்தியவர் பெயர் மட்டும் கிடைக்காது. விடைத்தாளை அழிக்கும் முன் கேட்பது முக்கியம். ரிட்டுக்கு அரசியலமைப்பின் 226-வது பிரிவு, பிரமாணப் பத்திரம், எந்த விதி மீறப்பட்டது என்ற விவரம் எல்லாம் வேண்டும்.

பலன்: ஆர்டிஐ மார்க்கை மாற்றாது, கையில் ஆதாரம் தரும். ரிட்டில் உத்தரவே வாங்கலாம். ஆனால் விதியில் மறுமதிப்பீடு இல்லையென்றால் நீதிபதிகள் லேசில் தலையிட மாட்டார்கள்.

கூட்டல் பிழை, திருத்தாத பக்கம் என்று சந்தேகமா? ஆர்டிஐ போதும், கூடவே மறுமதிப்பீட்டுக் கெடுவையும் தவறவிடாதீர்கள். பிழைக்கு ஆதாரம் கையில் இருந்தும் பல்கலைக்கழகம் அசையவில்லை, அல்லது சேர்க்கைக் கெடு நெருங்குகிறது என்றால் ரிட்.