எங்கள் ஒழுங்கைக்கு வரும் குப்பை உழவு இயந்திரம்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வாரம் ஒருமுறை வரவேண்டிய உள்ளூராட்சிச் சபையின் கழிவகற்றும் சேவையைப் பற்றி, அதற்கும் சேர்த்துச் சோலைவரி (ஆதனவரி) செலுத்துகின்ற குடியிருப்பாளர் என்ற வகையில் எழுதுகிறேன்.

வேலை செய்பவர்களில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உழவு இயந்திரம் ஒழுங்கைத் தொங்கலில் நின்றதும் இறங்கிவந்து, போத்தல்களையும் மட்டைப் பெட்டிகளையும் தனியே பொறுக்கி, இயந்திரத்தின் இழுவைப் பெட்டியின் பக்கத்தில் கட்டியிருக்கும் சாக்குகளில் போடுகிறார்கள். கையுறைகூட இல்லாமல் உடைந்த கண்ணாடியை அவர்கள் அள்ளுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

குறை, வண்டி ஒழுங்காக வராததில்தான். மழையோ விடுமுறையோ குறுக்கிட்டால் வண்டி வருவதில்லை. அதற்குள் மீன் கழிவு நாறி, நாய்கள் பைகளைக் கிழித்துவிட, மாரி காலத்தில் யோகட் கோப்பைகளிலும் சிரட்டைகளிலும் நுளம்பு பெருகுகிறது. பொறுமையிழந்தவர்கள் சருகோடு சொப்பின் பைகளையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள், அல்லது கோடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுகிறார்கள். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இந்தச் சுண்ணக்கல் குடாநாட்டில், கிடங்கிலிருந்து கசிவது நாம் குடிக்கும் கிணற்று நீரையே போய்ச் சேரும்.

அதைவிடக் கவலைக்குரியது, உக்குவதையும் உக்காததையும் நாங்கள் தரம்பிரித்துக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில் கொட்டப்படுவது. அதைக் கண்ட பலர் தரம்பிரிப்பதையே கைவிட்டுவிட்டார்கள். கலந்து நனைந்த குப்பை பசளைக்கும் உதவாது, மீள்சுழற்சிக்கும் உதவாது. மாநகரக் கழிவு கொட்டப்படும் கல்லுண்டாயில் தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையைச் சுவாசிப்பவர்கள் அயலில் வாழும் மக்கள்.

இச்சேவையைச் சீராக்கக் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்று கதை எழுந்தால், கழிவகற்றுவது சட்டப்படி சபையின் கடமை, பிறகு எதற்குத் தனிக்காசு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சோலைவரி ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுவது. எவ்வளவு குப்பை போடுகிறோம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சமையலறைக் கழிவை வாரம் இருமுறை தனியாக எடுப்பதென்றால் வண்டியும் ஆளும் கூடத்தான் வேண்டும். நாள் தவறாமல் வந்து, பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோய், பற்றுச்சீட்டும் தந்தால் மாதம் 500 ரூபாயை நான் மனமுவந்து கட்டுவேன். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களுக்கு அதில் முழு விலக்கு வேண்டும்.

வளவுள்ளவர்களுக்கும் ஒரு பங்குண்டு. வண்டியின் பெட்டியைப் பெரும்பாலும் நிரப்புவது மாவிலையும் பலாவிலையுமே. அவற்றைத் தென்னையடியில் தாட்டாலே, வளவில்லாத வாடகை வீட்டாரின் சமையலறைக் கழிவுக்கு இடம் கிடைக்கும். இன்றைய நிலையில் இச்சேவைக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளிகள் கொடுப்பேன். அந்த இரண்டும் தொழிலாளர்களுக்கு உரியவை.