அவனுக்கு எப்போது தெரிந்தது? ஒரே கதையின் இரண்டு ஸாம் ஸ்பேடுகள்

கூட்டாளி நள்ளிரவில் சுட்டுக் கொல்லப்படுகிறான். மறுநாள் அலுவலகத்துக்கு வரும் துப்பறிவாளன் செயலாளரிடம் ஒரு வேலை சொல்கிறான். கதவிலும் ஜன்னலிலும் இருக்கும் ‘ஸ்பேட் அண்ட் ஆர்ச்சர்’ என்ற பெயரை அழித்துவிட்டு ‘சாமுவேல் ஸ்பேட்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். அதற்குச் சற்று முன்புதான் செத்தவனின் மனைவி அதே அறையில் அவனை முத்தமிட்டிருக்கிறாள். நீதானே என் கணவனைக் கொன்றாய் என்றும் கேட்டிருக்கிறாள்.

ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்தை நான் முதலில் பார்த்தபோது இந்தக் காட்சியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவன் யார்? துக்கம் இல்லாதவனா, துக்கத்தைக் காட்டத் தெரியாதவனா, அல்லது கூட்டாளி ஒழிந்தான் என்று உள்ளுக்குள் மகிழ்பவனா? படம் முடியும்போதும் எனக்கு விடை கிடைக்கவில்லை. பத்துத் தடவைக்கு மேல் பார்த்த பிறகும் கிடைக்கவில்லை.

இதே கதை, இதே பெயரில், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே 1931இல் படமாகிவிட்டது. தயாரித்ததும் அதே வார்னர் பிரதர்ஸ்தான். அந்தப் படத்தில் விடை இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியது அதுதான். முடிவைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. இரண்டையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு 1941 படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மூலக்கதை டேஷியல் ஹேமட் எழுதியது. ‘பிளாக் மாஸ்க்’ இதழில் தொடராக வந்து 1930இல் நூலாயிற்று. ஹேமட், பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆள் பின்னால் நிழல்போல் நடப்பது, ஓட்டல் வரவேற்பறைகளில் மணிக்கணக்கில் காத்திருப்பது, போலீசாருடன் பாதி நட்பும் பாதிப் பகையுமாகக் காலம் தள்ளுவது எல்லாம் அவர் உடம்பால் அறிந்தவை. கதைச் சுருக்கம் இதுதான். சான்ஃப்ரான்சிஸ்கோவில் ஸ்பேட், ஆர்ச்சர் என்ற இரு துப்பறிவாளர்களிடம் ஓர் அழகான பெண் பொய் சொல்லி உதவி கேட்டு வருகிறாள். அன்றிரவே ஆர்ச்சர் கொல்லப்படுகிறான். மணிகள் பதித்த ஒரு வல்லூறுச் சிலையைத் தேடி ஒரு கூட்டமே அலைகிறது. எல்லோரும் பொய்யர்கள். கடைசியில் கிடைக்கும் சிலையும் ஈயத்தில் செய்த போலி. ஆர்ச்சரைக் கொன்றவள் அந்தப் பெண்ணேதான்.

1931 படத்தை இயக்கியவர் ராய் டெல் ரூத். ஸ்பேடாக ரிக்கார்டோ கோர்ட்டெஸ். இவருடைய உண்மைப் பெயர் ஜேக்கப் கிரான்ட்ஸ். மௌனப்பட நாட்களில் லத்தீன் காதல் நாயகர்களுக்கு மவுசு இருந்ததால் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காதல் நாயகனின் சாயல் படம் முழுக்க இருக்கிறது. முதல் காட்சியிலேயே ஸ்பேடின் அலுவலகக் கதவுக்குப் பின்னால் இரண்டு நிழலுருவங்கள் தழுவிக்கொண்டிருக்கின்றன. கதவு திறக்கிறது, ஒரு பெண் காலுறையைச் சரிசெய்துகொண்டு வெளியே போகிறாள். ஸ்பேடை நமக்கு அறிமுகம் செய்ய இயக்குநருக்கு இவ்வளவே போதுமாக இருக்கிறது. கோர்ட்டெஸ் எப்போதும் சிரிக்கிறார். போலீஸ்காரரிடம், பெண்களிடம், துப்பாக்கி நீட்டுகிறவனிடம், எல்லோரிடமும் பல் தெரியச் சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அலுத்துவிடுகிறது.

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930இல் எழுதப்பட்டாலும் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது 1934இல்தான். அதனால் 1931 படம் பல இடங்களில் வெளிப்படையாகப் பேசுகிறது. உதவி கேட்டு வந்த பெண்ணான ரூத் வொண்டர்லி (பீபீ டேனியல்ஸ்) ஸ்பேடின் வீட்டில் குளியல் தொட்டியில் இருக்கிறாள். ஆயிரம் டாலர் நோட்டு ஒன்று காணாமல் போகும்போது ஸ்பேட் அவளை உள்ளே அழைத்துப் போய் உடைகளைக் களையச் சொல்லிச் சோதிக்கிறான். இது ஹேமட்டின் நாவலில் உள்ளதுதான். தான் நேற்றிரவு தழுவியவளைக்கூட அவன் ஒரு சந்தேகத்துக்குரிய ஆளாகத்தான் நடத்துகிறான் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று கதையில் இல்லை. 1941இல் இதைக் காட்ட முடியாது. போகார்ட், சிலையைத் தேடும் கூட்டத்தின் தலைவனான பருத்த கட்மனைப் பார்த்து நோட்டை ஒளித்துவைத்தது நீதான் என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்த ஓரிடத்தில் பழைய படம் மூலத்துக்கு நெருக்கமானது. அதை மறுப்பதற்கில்லை.

இந்த வெளிப்படைத்தன்மையே பின்னாளில் அந்தப் படத்துக்குத் தடையாயிற்று. 1936இல் மறுவெளியீட்டுக்கு முயன்றபோது தணிக்கை அலுவலகம் அனுமதிக்கவில்லை. அதே ஆண்டு வார்னர் நிறுவனம் கதையைத் திருகி, ‘சேட்டன் மெட் எ லேடி’ என்று நகைச்சுவைப் படமாக வெளியிட்டது. வல்லூறு போய் ரோலண்டின் கொம்பு என்று ஒன்று வந்தது. பருத்த வில்லன் போய் ஒரு கிழவி வந்தாள். நாயகி பெட்டி டேவிஸுக்கே பிடிக்காத படம் அது. பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது முயற்சி ஜான் ஹூஸ்டனுடையது. அதுவரை திரைக்கதை எழுத்தாளராக இருந்தவருக்கு இயக்குநராக இது முதல் படம். ஸ்பேடாக நடிக்க முதலில் ஜார்ஜ் ராஃப்டை அழைத்தார்கள். இது முக்கியமான படமல்ல என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். பெரும்பாலும் அடியாள், கொள்ளைக்காரன் என்று நடித்துவந்த போகார்டுக்கு அந்த இடம் கிடைத்தது.

வசனங்களை மட்டும் கேட்டால் இரண்டு படங்களும் பல காட்சிகளில் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே ஹேமட்டின் உரையாடல்களை அப்படியே எடுத்துக்கொண்டவை. அப்படியிருந்தும் ஒன்று என்னை விட்டுப் போகவே மறுக்கிறது. மற்றது பார்த்து முடித்ததும் கலைந்துவிடுகிறது. நடிப்பும் ஒளியும் ஒரு காரணம். அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் எடிசனின் ஒளிப்பதிவில் ஜன்னல் கண்ணாடியில் எழுதிய பெயர்கள் அலுவலகத் தரையில் நிழலாக விழுகின்றன. கட்மனைத் தாழ்ந்த கோணத்திலிருந்து பார்க்கிறோம், அவருடைய வயிறு ஒரு குன்றுபோல் சட்டகத்தை அடைத்துக்கொள்கிறது. கட்மனாக வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் நெடுங்கால மேடை நடிகர். 61 வயதில் இதுதான் அவருக்கு முதல் படம் என்றால் நம்ப முடியாது. சிலையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கும்போது அவர் கைகளில் தெரியும் பதற்றம் ஒன்றே போதும். 1931இல் கட்மனாக வந்த டட்லி டிக்ஸ் தேர்ந்த நடிகர், ஆனால் அவரைக் கண்டு யாருக்கும் பயம் வராது. சிலையைத் தேடுபவர்களில் ஒருவனான கெய்ரோவாக பீட்டர் லோரே வந்து நின்ற பிறகு பழைய கெய்ரோவின் முகம்கூட நினைவில் நிற்பதில்லை.

பெண்கள் விஷயத்தில் தராசு அவ்வளவு எளிதாகச் சாயாது. 1931இன் ரூத் வொண்டர்லிதான் 1941இல் பிரிஜிட். மேரி ஆஸ்டரின் பிரிஜிட் பொய் சொல்லும்போதெல்லாம் மூச்சு இரைக்கிறது. காட்சிக்கு முன்பு செட்டைச் சுற்றி ஓடிவிட்டு வந்து நிற்பாராம். அந்த இரைப்பைப் பயம் என்று நம்பி நாமும் ஏமாறுகிறோம். ஆனால் ஆர்ச்சரின் மனைவி ஐவாவாக 1931இல் வந்த தெல்மா டாட், 1941 படத்தின் ஐவாவை விட எனக்குப் பிடித்தவர். இவளுக்காக ஒருவன் கூட்டாளிக்குத் துரோகம் செய்திருப்பான் என்று நம்ப முடிகிறது.

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். ஆர்ச்சரைக் கொன்றவள் அவள்தான் என்று ஸ்பேடுக்கு எப்போது தெரிந்தது?

1931 படத்தில் ஆர்ச்சர் செத்த இடத்துக்கு ஸ்பேட் போகிறான். உடலைப் பார்க்க மறுத்துவிட்டுத் திரும்பும் வழியில், அங்கே நிற்கும் ஒரு சீனரிடம் சீன மொழியில் ஏதோ பேசுகிறான். என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. வேடிக்கையாக ஒரு சிறு காட்சி என்று நாமும் கடந்துவிடுகிறோம். படத்தின் இறுதியில் செய்தித்தாள் ஒன்று திரையில் வருகிறது. அந்தச் சீனர்தான் கொலையை நேரில் கண்ட ஒரே சாட்சி. அதாவது முதல் இரவிலேயே ஸ்பேடுக்கு எல்லாம் தெரியும்.

தெரிந்துகொண்டே அவளைத் தழுவினான். தெரிந்துகொண்டே அவள் பணத்தை வாங்கினான். குண்டடிபட்ட கப்பல் கேப்டன் ஒருவர் வல்லூறுப் பொட்டலத்தோடு அவன் அலுவலகத்தில் வந்து விழுந்து சாகும் வரை ஆட்டத்தைத் தொடரவிட்டான். யோசித்துப் பார்த்தால் குலை நடுங்க வைக்கும் மனிதன் இவன். படமோ அதை உணரவே இல்லை. அவனுக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமைப் புலனாய்வாளர் பதவி கொடுக்கிறது. அவன் சிறைக்குப் போய் அவளைப் பார்க்கிறான், நன்றாகக் கவனித்துக்கொள்ளச் சொல்லிச் சிறைக்காவல் பெண்மணியிடம் கேட்டுக்கொள்கிறான். அவ்வளவு கறை படிந்த ஒருவனை அரசாங்க அதிகாரியாக்கிக் கணக்கை நேர்செய்துவிட்டார்கள். எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். கையில் அகப்பட்ட இருளை அவர்களே விளக்கேற்றி விரட்டிவிட்டார்கள்.

ஹூஸ்டன் அந்தச் சாட்சியை வைக்கவில்லை. நாவலிலும் அப்படி ஒருவர் கிடையாது. 1941 ஸ்பேட் கடைசியில் பிரிஜிட்டிடம் தன் தர்க்கத்தைச் சொல்கிறான். ஆர்ச்சர் அனுபவப்பட்டவன். தான் பின்தொடரும் ஆளிடம் ஒரு முட்டுச்சந்தில், மேலங்கிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளமாட்டான். உன்னோடு என்றால் வந்திருப்பான். இதுதான் வாதம். இதில் ஒரு துண்டுத் தகவல்கூட புதியதில்லை என்பதைக் கவனியுங்கள். பொத்தான், துப்பாக்கி, சந்து எல்லாம் முதல் இரவே போலீஸ் நண்பர் வழியாக அவன் காதுக்கு வந்தவை. நமக்கும் அப்போதே காட்டப்பட்டவை. சுடப்படுவதற்குச் சற்று முன்பு ஆர்ச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பைக்கூட நாம் பார்த்தோம்.

அப்படியானால் இவனும் முதல் இரவே ஊகித்துவிட்டானா? காதலித்துக்கொண்டிருந்தபோது தெரியுமா? நடுவில் என்றோ ஒரு விடியலில் தெளிந்ததா? ஹூஸ்டன் சொல்வதில்லை. ஆர்ச்சரின் மரணம் நீங்கலாகக் கேமரா ஏறக்குறைய எப்போதும் ஸ்பேடோடுதான் இருக்கிறது. அவன் பார்ப்பதையெல்லாம் நாமும் பார்க்கிறோம். அவன் நினைப்பது மட்டும் நமக்கு வருவதேயில்லை. ஒரே ஒரு இடத்தில் திரை கொஞ்சம் விலகுகிறது. கட்மனின் அறையில் கோபத்தில் கத்தி, கோப்பையை உடைத்துவிட்டு ஸ்பேட் வெளியேறுகிறான். வராந்தாவில் தனியாக நடக்கும்போது முகத்தில் குறும்பான சிரிப்பு. கோபம் நடிப்புதான். உடனே தன் கையைப் பார்க்கிறான், அது நடுங்குகிறது. அந்தக் கையை ஏன் ஹூஸ்டன் காட்டினார் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். நடிக்கிறவனுக்கே தன் நடிப்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

கடைசிக் காட்சியில் அவனே ஒன்று சொல்கிறான். ஊரார் நினைக்கும் அளவுக்கு நான் கோணல் பேர்வழி என்று நிச்சயம் செய்துவிடாதே, அப்படி ஒரு பெயர் இருந்தால் பெரிய காசு தரும் வேலைகள் வரும், எதிராளியைச் சமாளிக்கவும் எளிது. கெட்ட பெயரையே முதலீடாக வைத்துத் தொழில் செய்கிறவன். அவன் நல்லவன் என்பதற்கான ஒப்புதலாக இதைக் கொள்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போதும் அவன் எதிராளியைச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

1946இல் பாரிஸ் விமர்சகர்கள், போரினால் தடைபட்டிருந்த அமெரிக்கப் படங்களை ஒருசேரப் பார்த்து ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம் என்று பெயர் சூட்டியபோது அந்தப் பட்டியலில் 1941 படம் இருந்தது. 1931 படத்துக்கும் அதற்கும் இடையில் கதை மாறவில்லை, நகரம் மாறவில்லை. தணிக்கையாலும் ஹூஸ்டனின் அடக்கத்தாலும் சொல்லாமல் விட்டவை கூடியிருந்தன, அவ்வளவுதான்.

இரண்டு படங்களும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. நாவலில் ஸ்பேட் ஃபிளிட்கிராஃப்ட் என்பவனின் கதையைச் சொல்வான். கட்டடத்திலிருந்து விழுந்த ஓர் உத்திரம் தலைக்கு அருகே தப்பியதால், குடும்பத்தையே விட்டுவிட்டுப் போய், சில ஆண்டுகளில் வேறோர் ஊரில் அதே மாதிரியான குடும்பத்தை அமைத்துக்கொண்டவன். அதைப் படிக்கவாவது நாவலைத் தேடிப் பிடியுங்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், ஒன்றுதான் பார்க்க நேரம் என்பவர்களுக்கு 1941, சுமார் 100 நிமிடங்கள். இரண்டுக்கும் நேரம் உள்ளவர்கள் அதன் பிறகு 1931ஐப் பாருங்கள், அது 80 நிமிடங்கள்தான். முன்பே சொல்லிவிட்டேன் என்பதால் அந்தச் சீனருடன் பேசும் கணத்தில் கோர்ட்டெஸின் முகத்தைக் கவனியுங்கள். இயக்குநர் கேட்காத ஒரு படம் அந்த முகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டின் முடிவிலும் கம்பிகள் வருகின்றன. 1931இல் அவை சிறைக் கம்பிகள், ஸ்பேட் வெளியே நின்று விடைபெறுகிறான். 1941இல் பிரிஜிட் போலீசாரோடு லிஃப்டில் நிற்கிறாள். கம்பிக் கதவு மூடுகிறது, கம்பிகளின் நிழல் அவள் முகத்தில் கோடு போடுகிறது, லிஃப்ட் இறங்குகிறது. ஸ்பேட் கையில் அந்தப் போலிச் சிலை. கனமாக இருக்கிறதே, என்ன இது என்று போலீஸ் நண்பர் கேட்கிறார். கனவுகள் செய்யப்படும் பொருள் என்கிறான் ஸ்பேட். நண்பருக்குப் புரியவில்லை. சிலையைத் தூக்கிக்கொண்டு அவன் படிக்கட்டில் இறங்குகிறான்.