சித்திரை இடைவெளியா, ஐப்பசி இடைவெளியா?

இலங்கையின் மலையகத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்பவர்கள், தென்மேல், வடகீழ் பருவமழைகளுக்கு நடுவே வரும் மார்ச்-ஏப்ரலையும் ஒக்டோபர்-நவம்பரையும் ஒரே கணக்கில் "மழை இல்லாத காலம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

சித்திரையில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். பின்னேரம் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்து, இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், அந்த மழைக்குத்தான் காய்ந்து நின்ற தேயிலை துளிர்த்து, கொழுந்துக் கூடை கனக்கத் தொடங்கும். வருஷப்பிறப்புக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வருவதும் இப்போதுதான். நுவரெலியாவில் மட்டும் தங்கிவிடாதீர்கள், ஏப்ரலில் அங்கே அறை வாடகை கேட்டாலே தலை சுற்றும்.

ஐப்பசி வேறு. பின்னேர இடிமழையோடு வங்காள விரிகுடாத் தாழமுக்கமும் சேர்ந்தால் இரவு பகலாக ஊற்றும், சரிவில் மண் ஊறி இளகும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே இடைக்காலத்தில்.

என்னைக் கேட்டால் சித்திரைதான். தீபாவளிக்கு வந்தே ஆக வேண்டுமா, சரி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பகல் பஸ்ஸில் ஏறுங்கள்.