ஒதுக்கீடா, ஏலமா? கனடாவில் பூர்வகுடிகளின் காற்றாலைகள்

கனடாவில் பூர்வகுடிச் சமூகங்கள் தனியாகவோ கூட்டாகவோ வைத்திருக்கும் காற்றாலைகளிலிருந்து மின்சாரம் வாங்குவது இப்போது புதிய விஷயமில்லை. வாங்கும் முறைதான் மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. ஒன்ராறியோ முன்கூட்டியே விலை நிர்ணயித்து வாங்கியது. கியூபெக் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியா குறைந்த விலை கேட்பவரிடம் வாங்கும் ஏலம் விட்டது, ஆனால் பூர்வகுடிப் பங்கு இல்லாதவர் ஏலத்தில் நுழைய முடியாது என்றது. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது கியூபெக்கின் ஒதுக்கீடு. ஆனால் அங்கேயே அதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது.

முதலில் ஒன்ராறியோ. 2009-ல் பசுமை எரிசக்திச் சட்டம் வந்தபோது, நிலத்தில் அமைக்கும் காற்றாலைக்கு யூனிட்டுக்கு 13.5 சென்ட் என்று விலை வைத்தார்கள். பூர்வகுடிகளின் பங்கு பாதிக்கு மேல் என்றால் இன்னும் 1.5 சென்ட் கூடுதல். ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு. இந்தத் திட்டத்தில்தான் மானிடூலின் தீவின் மிச்சிகீங் சமூகம் 2012-ல் இரண்டு காற்றாலைகளை நிறுத்தியது. மொத்தம் 4 மெகாவாட், நூறு சதவீதமும் அவர்களுடையது. 30 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டு 15 சென்டால் பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டாலர் வருகிறது. கடன் தவணையும் பராமரிப்பும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒரு சிறிய சமூகத்துக்கு அது நல்ல வருமானம்தான். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் செலவழிக்கக்கூடிய பணம் என்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அப்படியானால் எல்லோரும் முழு உடைமையாகவே கட்டியிருக்கலாமே? அதற்குக் காசு வேண்டும். கனடாவின் இந்தியர் சட்டம் (பூர்வகுடிகளைத்தான் அது ‘இந்தியர்’ என்கிறது), பிரிவு 89, அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒதுக்கு நிலத்தில் இருக்கும் பூர்வகுடிச் சொத்தை வெளியார் அடமானமாகப் பிடிப்பதைத் தடுக்கிறது. நிலம் பறிபோகாமல் காக்கும் இந்த விதியால்தான் வங்கிக் கதவும் அடைபடுகிறது. அடகு வைக்க நிலம் இல்லாத இடத்தில் கடன் கொடுப்பவருக்குக் காட்ட ஒரே காகிதம், மின் நிறுவனம் கையெழுத்திட்ட கொள்முதல் ஒப்பந்தம். அது எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு என்பதைப் பார்த்துத்தான் கடனே கிடைக்கிறது. அதோடு போட வேண்டிய கைமுதலுக்கு ஒரு கூட்டாளியும் தேவைப்படுகிறார். ஜார்ஜியன் குடாவை ஒட்டிய ஹென்வி இன்லெட் சமூகம் பேட்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு சரிபாதியாகச் சேர்ந்தது அப்படித்தான். 300 மெகாவாட், 87 காற்றாலைகள், 2019-ல் ஓடத் தொடங்கின. நிற்பது அவர்களுடைய ஒதுக்கு நிலத்தில். சுற்றுச்சூழல் விதிகளையும் சமூகமே எழுதிக்கொண்டது. பாதிப் பங்கிலும் இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்ராறியோவின் கதவு அப்புறம் மூடிக்கொண்டது. ஆட்சி மாறிய 2018-ல் 758 புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஒப்பந்தங்களை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவை தப்பின, கட்டத் தொடங்காதவை போயின.

கியூபெக்கில் நடந்தது வேறு. 2013-ல் மாகாண அரசு அறிவித்த 800 மெகாவாட் காற்று மின்சாரத்தில் 150 மெகாவாட்டை மிக்மாக் என்னும் பூர்வகுடி மக்களுக்கென்று தனியே எடுத்துவைத்தது. கெஸ்கபெகியாக், கெஸ்பெக், லிஸ்துகுஜ் ஆகிய மூன்று சமூகங்களும் சேர்ந்து, இன்னர்ஜெக்ஸ் நிறுவனத்தோடு சரிபாதிக் கூட்டில் மெஸ்கிக் உக்ஜுசன் காற்றாலைப் பண்ணையைக் கட்டின. 47 காற்றாலைகள் 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கின. வாங்குவது மாகாண அரசின் மின் நிறுவனமான ஹைட்ரோ கியூபெக், 20 ஆண்டுக்கு. ஏலம் இல்லாததால், விலையைக் குறைத்துக் குறைத்து வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் பலிகொடுக்க வேண்டிய நெருக்கடி வரவில்லை. கூட்டாளியைத் தேடும்போதும் ஒதுக்கீடு கையில் இருந்தது மிக்மாக் பக்கம்தான்; நிறுவனம்தான் தேடி வர வேண்டும். பேரத்தில் இது பெரிய பலம்.

ஓட்டை என்று சொன்னேனே, அது கியூபெக்கின் இன்னொரு பூர்வகுடியான ‘இன்னு’ மக்களின் அபுயாட் காற்றாலைத் திட்டத்தில் தெரிந்தது. போராலெக்ஸ் நிறுவனத்தோடு பாதிப்பாதி, 200 மெகாவாட், எல்லாம் தயார். மாகாணத்தில் மின்சாரம் உபரியாகக் கிடக்கிறது, இன்னும் எதற்கு என்று அப்போது எதிர்க்கட்சி ஒன்றின் தலைவராக இருந்த பிரான்சுவா லெகோ எதிர்த்தார். 2018-ல் அவரே முதல்வரானார், திட்டம் நின்றது. 2021-ல் அதே அரசு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. அரசு மனம் வைத்துக் கொடுப்பதை அரசு மனம் மாறி நிறுத்தவும் முடியும். இடைப்பட்ட காலத்தில் செலவைத் தாங்கிக் காத்திருக்க வேண்டியது சமூகம்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் முறையில் அரசின் தயவை நம்பியிருப்பது கொஞ்சம் குறைவு. அந்த மாகாணத்தின் மின் நிறுவனமான பி.சி. ஹைட்ரோ 2024-ல் ஏலம் அறிவித்தபோது பூர்வகுடிப் பங்கு குறைந்தது 25 சதவீதம் என்று விதித்தது. டிசம்பரில் தேர்வான ஒன்பது காற்றாலைத் திட்டங்களிலும் அந்தப் பங்கு 49-லிருந்து 51 சதவீதம் வரை இருந்தது. விதி கேட்டதைப் போல இருமடங்கு! ஒப்பந்தம் 30 ஆண்டுக்கு. சராசரி விலை யூனிட்டுக்குச் சுமார் 7.4 சென்ட், அதாவது ஒன்ராறியோ அன்று கொடுத்ததில் பாதி. மின்கட்டணம் கட்டுபவருக்கு இது நல்ல செய்தி. பங்குதாரராகும் சமூகத்துக்கோ, கட்டுமானச் செலவு கொஞ்சம் ஏறினாலும் லாபம் கரைந்துபோகும் விலை இது. பாதிப் பங்கு என்றால் பாதிக் கடனும் உண்டு. மாகாண, மத்திய அரசுகளின் கடன் உத்தரவாதம் இருப்பதால் வட்டி குறையும். ஆனால் காற்று குறைவாக வீசிய ஆண்டின் நஷ்டத்தை அது ஈடுகட்டாது. அதனால்தான் அளவில் பிரிட்டிஷ் கொலம்பியா முந்தினாலும் என் வாக்கு கியூபெக்கின் ஒதுக்கீட்டுக்கு. அதை ஆட்சி மாறினாலும் அசையாத சட்டமாக்கிவிட்டால் குறை சொல்ல அதிகம் இராது.

இப்போது கியூபெக்கே இன்னொரு வழியில் இறங்கியிருக்கிறது. சகனே, லாக் செயின்ட் ஜான் பகுதியில் 3,000 மெகாவாட் வரை கட்ட 2024-ல் அறிவித்த திட்டத்தில் ஹைட்ரோ கியூபெக், மஷ்தேயுயாட்ஷ், வெமோதாசி என்னும் பூர்வகுடிச் சமூகங்கள், உள்ளாட்சி என்று எல்லோரும் பங்காளிகள். வாங்குபவரே விற்பவரின் பக்கத்திலும் உட்காருகிறார். பணத்துக்குப் பஞ்சம் இராது, திட்டமும் சட்டென்று நிற்காது. ஆனால் மின்கட்டமைப்பில் இடமில்லை என்று காற்றாலையை நிறுத்தச் சொன்னால், அந்த மணிநேரங்களுக்குப் பணம் உண்டா என்ற கேள்வி இத்தகைய எந்த ஒப்பந்தத்திலும் வரும். அப்போது மஷ்தேயுயாட்ஷும் வெமோதாசியும் தங்கள் சொந்தப் பங்காளியோடுதான் வாதாட வேண்டியிருக்கும். அந்த ஷரத்தைப் படித்துச் சொல்ல அவர்களுக்கென்று தனி வழக்கறிஞரும் தனிக் கணக்காளரும் கையெழுத்துக்கு முன்பே இருந்தாக வேண்டும்.