மதுரை–நெல்லை நாலுவழிச்சாலை: 80-ஆ, 90-ஆ, 100-ஆ?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கார், உள்ளே இரண்டு பேர், ஏசி ஓடுகிறது, மதுரையிலிருந்து திருநெல்வேலி என்றால், பெட்ரோல் மிச்சமாக மணிக்கு 80-லிருந்து 85 கி.மீ.க்குள் ஓட்டுங்கள். 90 மோசமில்லை, அதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. 100 இந்தச் சாலையில் காசைக் கரியாக்குகிற வேலை.

வேலை விஷயமாக நெல்லைக்கு அடிக்கடி போய் வருகிறவன் நான். மூன்று வேகத்திலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் 80-ல் நிலைத்தேன். என் வண்டிக்கு வந்த கணக்கு: 80-ல் லிட்டருக்கு 21-ஐ ஒட்டி, 90-ல் 19 சொச்சம், 100-ல் 17 வந்தாலே பெரிய விஷயம். போக வர 320 கி.மீ. என்று வைத்தால் 80-க்கும் 100-க்கும் நடுவில் மூன்றரை லிட்டர் நிற்கிறது. லிட்டர் நூறைத் தாண்டி விற்கிற காலத்தில் அது இரண்டு பேர் சாப்பாட்டுக் காசு.

காற்றுத் தடை எல்லாருக்கும் தெரிந்த கதைதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வேகத்தின் வர்க்கத்தில் அது ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் தடை 56 சதவீதம் கூடிவிடுகிறது. டயர் உருளுகிற தடை அதிகம் மாறாது என்பதால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போல ஏறும். அந்த நேரத்தில் இன்ஜின் கொஞ்சம் நன்றாக லோடு ஏறி வேலை செய்வதால் பெட்ரோல் செலவு அந்த அளவுக்கு ஏறாமல் சற்றுக் கீழேயே நிற்கும். ஆடி மாதம் கயத்தாறு தாண்டிப் போனவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேற்கே இருந்து வருகிற காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், மைலேஜ் காட்டும் எண் கண்ணெதிரே இறங்கும். காற்றாலைக்காரர்கள் சும்மாவா அங்கே வந்து நட்டிருக்கிறார்கள்.

ஆனால் காற்றை மட்டும் வைத்து 100-ஐ ஒதுக்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. “அதுக்கென்ன மாப்ள, அரை மணி நேரம் மிச்சமாகுதுல்ல” என்பார்கள். அந்த அரை மணி நேரம் உண்மையிலேயே மிச்சமாகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் பிரேக்தான் இதைத் தீர்த்துவைத்தது.

பெயருக்கு நாலுவழிச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 44, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை. ஆனால் திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் போனால் மீடியனில் ஒரு இடைவெளி, அங்கே போலீஸ் பேரிகார்டை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். அதைக் கடந்து வேகம் எடுத்தால் புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று எதிர்த்திசையில் ஓரமாக வந்துகொண்டிருக்கும், ஓட்டுகிறவர் நம்மைத்தான் தப்பான பக்கம் வருகிறவனைப் போலப் பார்ப்பார். அப்புறம் 60-ல் போகிற லாரியை 62-ல் முந்துகிற இன்னொரு லாரி. முந்தி முடித்த பிறகும் வலது லேனை விட்டு நகராது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று ஊருக்கு ஊர் சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று உள்ளே நுழைகிற பஸ். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் டோல்கேட்கள் வேறு. 100-ல் போகிறவன் ஒரு வழிக்கு இருபது தடவையாவது 40-க்கு இறங்கித் திரும்ப ஏற வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆட்களோடு 1,100 கிலோ இருக்கிற கார் 100-லிருந்து 40-க்குப் பிரேக் போட்டு இறங்கினால் சுமார் 355 கிலோஜூல் சக்தி பிரேக்கில் சூடாகப் போய்விடுகிறது. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்கைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்க ஏறக்குறைய 45 மில்லி ஆகும். 80-லிருந்து 40-க்கு இறங்கினால் 25 மில்லிதான். 45 மில்லி பெட்ரோலில் என் வண்டி முக்கால் கிலோமீட்டர் போகும். இருபது தடவை என்றால் 900 மில்லி, ஒரு அடி நகராமல் பிரேக் பேடில் எரிந்த பெட்ரோல் அது.

80-ல் போகிறவனும் அதே பேரிகார்டில்தானே பிரேக் போட வேண்டும் என்று கேட்பீர்கள். போட வேண்டியதில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. 80-ல் ஐந்தாவது கியரில் போகும்போது தூரத்தில் மஞ்சளும் கருப்புமாகப் பேரிகார்டு தெரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பேரிகார்டை நெருங்குவதற்குள் வண்டி தானாகவே வேகம் குறைந்துவிடும். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இப்போதைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின் பெட்ரோலை மொத்தமாக நிறுத்திவிடுகிறது, டிஸ்பிளேயில் அந்த நேரத்து மைலேஜ் காட்டுகிற பட்டை கடைசிவரை ஓடி முட்டி நிற்கும், பாருங்கள். (நியூட்ரல் போடாதீர்கள். நம் ஊரில் பலரும் சரிவில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்று நினைக்கிறார்கள், அப்போதுதான் இன்ஜின் ஐட்லிங்கில் பெட்ரோலைக் குடிக்கும். பிரேக்குக்கும் இன்ஜினின் துணை போய்விடும்.) இதையே 100-லிருந்து செய்ய இன்னும் வெகு தூரம் முன்னாலேயே தெரிய வேண்டும். அவ்வளவு முன்னறிவிப்புக் கொடுக்கிற சாலை இல்லை இது. டிவிஎஸ் எக்ஸெல்காரர் அந்த அறிவிப்பு எதையும் கொடுக்கப்போவதில்லை.

பெட்ரோல் வித்தியாசத்தில் பெரும்பங்கு காற்றுடையதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 100-க்கு ஆதரவாக இருக்கிற ஒரே வாதம் நேரம், அதைத் தின்பது பிரேக். காகிதத்தில் 160 கி.மீ.க்கு 80-ல் இரண்டு மணி நேரம், 100-ல் 1 மணி 36 நிமிடம். நடைமுறையில் அந்த 24 நிமிடத்தில் பாதிகூட எனக்குக் கைக்கு வந்ததில்லை. சாத்தூர்ப் பக்கம் சர்ரென்று முந்திப்போன கார் டோல்கேட்டில் எனக்கு இரண்டு வண்டி முன்னால் நிற்கும், அதில் இருப்பவர் என்னைப் பார்க்க மாட்டார்.

90-க்கு வருகிறேன். கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு, கங்கைகொண்டான் வரை ஊர்கள் குறைந்து சாலை நீட்டமாகக் கிடக்கிற இடத்தில் நானும் 90 வைப்பேன், வெள்ளனக் கிளம்பினால் இன்னும் வசதி. திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சிக்குப் பின்னாலும் அப்படித்தான், ஆனால் அந்தப் பக்கம் நான் போவது குறைவு என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, பின்னால் வருகிற பைபாஸ் ரைடர் பஸ் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு ஹாரன் அடித்தால் 80 பிடித்துக்கொண்டு நிற்பதில் மானம் இல்லை, இடம் விடுங்கள், இல்லையென்றால் 90-க்குப் போங்கள்.

அப்படியென்றால் 60-ல் போனால் இன்னும் மிச்சமாகாதா? கொஞ்சம் ஆகும். ஆனால் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மாற்றி மாற்றி முந்தி, நாலாவது கியருக்கும் ஐந்தாவதற்கும் அலைந்து அந்த லாபம் போய்விடும். வண்டி நின்றாலும் நகர்ந்தாலும் ஏசி மணிக்கு இவ்வளவு என்று தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும், மெதுவாகப் போனால் அந்தப் பங்கும் கூடும்.

இந்தக் கணக்கெல்லாம் நம் சாதாரண பிஸ்டன் இன்ஜினுக்கு. ஷார்ஜாவில் இருக்கிற என் மச்சான் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருக்கிறான், ரோட்டரி இன்ஜின். “உங்க 80 கணக்கு என் வண்டிக்கு ஆகுமா மாமா” என்று அவன் கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை, அதனால் இன்ஜின் வேலை செய்கிற விதத்தையும் அவன் சொன்னதையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

ரோட்டரியில் பிஸ்டன் மேலும் கீழும் போவதில்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுற்றுகிறது, ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ஆர்எக்ஸ்-8-ல் 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், சேர்த்து 1.3 லிட்டர் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அது குடிக்கிற காற்றைப் பார்த்தால் 2.6 லிட்டர் பிஸ்டன் இன்ஜின் மாதிரி. பெட்ரோல் எரிகிற இடம் நீளமாக, தட்டையாக இருப்பதுதான் சிக்கல். டம்ளரில் இருக்கிற காபியை விட டபராவில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறுகிற மாதிரி, எரிந்த சூடு சுவர் வழியாகப் போய்விடுகிறது, மூலையில் இருக்கிற பெட்ரோல் முழுசாக எரிவதற்குள் வெளியே தள்ளப்படுகிறது. ரோட்டரின் முனையில் இருக்கிற சீல் வழியாகக் கசிவும் உண்டு. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் கியர் வண்டிக்கு நெடுஞ்சாலையிலேயே கேலனுக்கு 22 மைல், அதாவது லிட்டருக்கு 9 கி.மீ. சொச்சம்தான். 1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டாவின் ரோட்டரி வண்டிகள் விற்பனையில் அடிவாங்கியது இதனால்தான்.

வேகத்துக்கு வருவோம். சூடு கசிவதும் சீல் கசிவதும் நேரத்தைப் பொறுத்தவை, ரோட்டர் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு எரிப்பிலும் கசிய அதிக நேரம் கிடைக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இழுவையும் கிடையாது, ஆறாவது கியரில் 70-க்குக் கீழே வண்டி திணறும் என்கிறான் மச்சான். 100-ல் அது 3,100 ஆர்பிஎம் பக்கம் சுற்றும், அந்த இன்ஜினுக்கு அது சும்மா நடக்கிற மாதிரி, 9,000 வரை போகிற சாமான் அது. ஆகவே பிஸ்டன் வண்டிக்கு 80 என்றால் ரோட்டரிக்கு 90-ஐ ஒட்டி என்று நினைக்கிறேன், அதற்கு மேல் காற்று யாரையும் விடாது. 80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசமும் என் வண்டி அளவுக்கு அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் வேகம் எதுவானாலும் என் வண்டியை விட அதிகமான பங்கு அவன் இன்ஜினிலேயே போய்விடுகிறது. சீலுக்கு உயவாக இன்ஜின் ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கிற இன்ஜின் அது, பெட்ரோல் கணக்குப் போடுகிறவன் ஆயில் கணக்கையும் சேர்க்க வேண்டும். மாஸ்டாவே 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது சக்கரத்தோடு சேர்க்கவில்லை, 830 சிசி ஒற்றை ரோட்டரை ஜெனரேட்டராக மட்டும் வைத்து மின்சார மோட்டாரால் வண்டியை ஓட்டுகிறது. கார் என்ன வேகத்தில் போனாலும் ரோட்டருக்குத் தோதான சுற்றில் அதை வைத்துக்கொள்ளலாம்.

நீங்களும் அளந்து பார்ப்பதென்றால் டேஷ்போர்டு எண்ணை நம்பாதீர்கள், என் வண்டியில் அது எப்போதும் ஒன்றரை கி.மீ. கூட்டித்தான் சொல்கிறது. ஒரே பங்க், ஒரே பம்பு, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும், பங்க் பையன் “ரவுண்டாப் போட்ரவாண்ணே” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகத்தையும் போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் கூட்டியே வைக்கிறது. என் முள் 84-ல் இருக்கும்போது உண்மையில் 80. டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். இப்போது வருகிற இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் பழைய மைலேஜ் நோட்டை இப்போதைய கணக்கோடு ஒப்பிட்டு வேகத்தின் மேல் பழி போடாதீர்கள்.

டீசல் வண்டி, டர்போ பெட்ரோல், பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். டர்போ இன்ஜின்கள் கீழ் ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுப்பதால் 80-ல் இன்னும் சுகமாகப் போகும் என்று நினைக்கிறேன். எஸ்யூவிக்கு முகம் பெரிசு, காற்று அதிகமாக அடிக்கும், 100-ல் அவர்களுக்கு விழுகிற அடி என்னுடையதை விடப் பெரிசாக இருக்க வேண்டும். மேலே கேரியர் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், காலியாக இருந்தால் அந்தக் கேரியரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.